ஜில் ஆலையில் தீப்பிடித்த இரவு: கிளேட்டன் குன்றின் மூன்று காற்றாலைகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1987 அக்டோபர் 15ஆம் தேதி நள்ளிரவு கடந்து தெற்கு இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயல், விடிவதற்குள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்களைச் சாய்த்துவிட்டது. பிரிட்டனில் 18 பேர் உயிரிழந்தனர். சசெக்ஸ் கடற்கரையிலுள்ள ஷோரம் என்ற ஊரில் அன்று பதிவான காற்றின் உச்சவேகம் 100 நாட், அதாவது மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர். அங்கிருந்து சில மைல் உள்ளே, சவுத் டவுன்ஸ் எனப்படும் சுண்ணாம்புக் குன்றுத்தொடரின் வடக்கு விளிம்பில், கிளேட்டன் என்ற சிறு கிராமத்துக்கு நேர்மேலே ஜில் என்னும் மரக் காற்றாலை நிற்கிறது. பிரேக் போடப்பட்டிருந்த நிலையிலேயே அதன் இறக்கைகள் அன்றிரவு சுழலத் தொடங்கின. பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் இடையே எழுந்த உராய்வில் ஆலையின் மரம் தீப்பற்றியது. ஆலையைப் பராமரிக்கும் தன்னார்வலர் சங்கத்தைச் சேர்ந்த சிலர் அந்தக் காற்றிலும் குன்றுக்கு வந்து சேர்ந்ததால்தான் அது தப்பியது.

இங்கே காற்றாலை என்று சொல்லப்படுவது மின்சாரம் எடுக்கும் உயரமான இரும்புக் கம்பத்தை அன்று. காற்றின் விசையால் கல்லைச் சுழற்றிக் கோதுமையை மாவாக்கிய பழைய ஆலையை. அப்படிப்பட்ட ஆலைகள் மூன்று கிளேட்டன் குன்றில் இருந்திருக்கின்றன. ஒன்று இடிக்கப்பட்டது, ஒன்று வீடானது, ஒன்று மறுபடி மாவு அரைக்கிறது. 1987இன் தீவிபத்தை இயற்கையின் சீற்றம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்த ஆலைக்கு அன்றிரவு இறக்கைகள் இருந்ததே ஒரு முடிவின் விளைவு. அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதை அறிய இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னே போக வேண்டியிருக்கிறது.

குன்றும் முதல் ஆலையும்

கிளேட்டன் பிரைட்டன் நகருக்கு வடக்கே, குன்றின் அடிவாரத்தில் ஒண்டிக்கிடக்கும் ஊர். அதன் சிறிய தேவாலயத்தின் சுவர்களில் ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையான ஓவியங்கள் இருக்கின்றன. கலை வரலாற்றில் ஊரின் பெயர் அடிபடுவது அவற்றால்தான். ஆலைகளுக்குக் காரணம் வேறு: ஊருக்கு வடக்கே விளைநிலமும், தெற்கே நெட்டுக்குத்தாக எழும் குன்றும். கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று தடையின்றி வந்து சேரும் இடம் குன்றின் உச்சி. தானியம் கீழே விளைகிறது, காற்று மேலே வீசுகிறது என்னும்போது மூட்டையை மேலே ஏற்றுவதைத் தவிர ஆலைக்காரருக்கு வழியில்லை.

1765ஆம் ஆண்டில் அங்கே எழுந்த முதல் ஆலைக்கு டங்க்டன் ஆலை என்று பெயர். அது தூண் ஆலை வகையைச் சேர்ந்தது. பருத்த மரத்தூண் ஒன்றைக் குறுக்குச் சட்டங்களின்மீது நிறுத்தி, நாற்புறமும் முட்டுக்கொடுத்து, அதன் தலையில் ஆலை முழுவதையும் ஒரு பெரிய மரப்பெட்டியைப் போல ஏற்றிவைப்பார்கள். அரைகற்கள், பல்சக்கரங்கள், மாவு மூட்டைகள், ஆலைக்காரர் என எல்லாமே அந்தப் பெட்டிக்குள். காற்று திசை மாறினால் பெட்டி மொத்தமும் தூணைச் சுற்றித் திரும்பவேண்டும். பழைய ஆலைகளில் பின்பக்கம் நீண்டிருக்கும் ஒரு கட்டையைப் பிடித்து ஆளோ குதிரையோ தள்ளித்தான் அதைத் திருப்பினர். முட்டுக்கட்டைகள் மழையில் நனையாமலிருக்கவும், மூட்டைகளை அடுக்கவும் அடிப்பகுதியைச் சுற்றி வட்டமாகச் சுவர் எழுப்பிக் கூரை வேய்வதும் உண்டு. டங்க்டன் ஆலை போய்விட்டது; அதன் வட்டக்கட்டடம் மட்டும் இன்றும், பின்னாளில் அதற்குப் பதிலாக எழுந்த ஜாக் என்னும் ஆலையின் பக்கத்தில் நிற்கிறது.

இழுத்துவரப்பட்ட ஆலை

ஜில் கிளேட்டனில் பிறந்தது அன்று. 1821இல் பிரைட்டனின் டைக் சாலை ஓரம் அது கட்டப்பட்டபோது அதற்கு வேறு பெயர். லாஷ்மரின் புதிய ஆலை என்றார்கள். பிரைட்டனோ அன்று ஊதிப்பெருத்துக்கொண்டிருந்த கடற்கரை நகரம். 1801 கணக்கெடுப்பில் ஏழாயிரத்துச் சொச்சமாக இருந்த அதன் மக்கள்தொகை 1851இல் அறுபத்தையாயிரத்தைத் தாண்டியிருந்தது. 1841இல் லண்டனிலிருந்து ரயில் வந்துசேர்ந்த பிறகு நகரம் இன்னும் வேகமாகக் குன்றுப்பக்கம் ஏறியது. வீடுகள் நெருங்கினால் காற்று குலையும், மனையின் விலை ஆலையின் வருமானத்தைவிட உயரும். நகர ஓரத்து ஆலைக்கு இந்த இரண்டு நெருக்கடிகளும் சேர்ந்தே வருவது வழக்கம்.

1852இல் இந்த ஆலையைக் கிளேட்டன் குன்றுக்குக் கொண்டுவந்தார்கள். குதிரைகளும் எருதுகளும் பூட்டப்பட்டு, குன்றுத்தொடரின் மேடுபள்ளங்களைக் கடந்து அது இழுத்துவரப்பட்டது. இன்று கேட்கும்போது இது வினோதமாகத் தோன்றலாம். அந்த வட்டாரத்துக்கு அது புதிதன்று. 1797இலேயே பிரைட்டன் கடற்கரையோரம் நின்ற ஓர் ஆலையை 86 எருதுகளைப் பூட்டிச் சுமார் இரண்டு மைல் இழுத்துச் சென்று வேறிடத்தில் நட்டிருந்தார்கள். தூண் ஆலையின் அமைப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. இறக்கைகளைக் கழற்றி, கற்களை இறக்கிவிட்டால் மிஞ்சுவது தூணின்மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டிதான். நன்றாகக் காய்ந்த மரத்தை வீணாக்கிப் புதிதாகக் கட்டுவதைவிட எருதுகளுக்குக் கூலி கொடுப்பது மலிவு. ஆலையை அசையாச் சொத்து என்று நினைக்கும் நமக்குத்தான் இது வியப்பு. அன்றைய ஆலைத் தச்சருக்கு அது கொஞ்சம் பெரிய மரச்சாமான்.

ஆகவே 1852க்குப் பிறகு குன்றின்மேல் டங்க்டன், ஜில் என இரண்டு தூண் ஆலைகள் அருகருகே நின்றன. பதினான்கு ஆண்டுகள் இந்த ஜோடி நீடித்தது. 1866இல் டங்க்டன் ஆலைக்குப் பதிலாக ஜாக் எழுந்தது. இது செங்கல்லால் கட்டிய கோபுர ஆலை. இங்கே கட்டடம் அசையாது. உச்சியில் உள்ள குல்லாய் மட்டும் இறக்கைகளோடு காற்றுக்கு முகம் திருப்பும். கோபுரம் உயரமாக இருக்கலாம், உள்ளே இடமும் தாராளம், மரத்தைப்போல இற்றுப்போகாது. நூறாண்டு உழைத்த மர ஆலையை விட்டுச் செங்கல்லுக்கு மாறியது விவேகமான முதலீடாகவே அன்று பட்டிருக்கும். அந்த முதலீட்டுக்கு நாற்பது ஆண்டுதான் ஆயுள் என்று யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

ஜாக், ஜில் என்ற பெயர்கள் குன்றேறிப்போன இரு பிள்ளைகளைப் பற்றிய ஆங்கிலக் குழந்தைப்பாட்டிலிருந்து வந்தவை. ஆங்கிலவழிப் பள்ளிகளில் நம் பிள்ளைகளும் பாடும் அதே பாட்டு. மேலே ஏறிய இருவர் என்ற பொருத்தம் போதுமானதாக இருந்திருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

தீவிபத்தைப் புரிந்துகொள்ள ஆலையின் உறுப்புகளைச் சற்று நின்று பார்ப்பது அவசியம். இறக்கைகளைச் சசெக்ஸ் மக்கள் தங்கள் வழக்கில் ‘ஸ்வீப்’ என்பார்கள். தொடக்க காலத்தில் இறக்கை என்பது மரச்சட்டத்தின்மீது விரிக்கும் துணிதான். காற்று வலுத்தால் ஆலையை நிறுத்தி, ஒவ்வோர் இறக்கையையும் தரைக்குக் கொண்டுவந்து, மழையோ பனியோ துணியைச் சுருட்டவேண்டும். 1807இல் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் இதற்கு ஒரு முடிவு கட்டினார். துணிக்குப் பதிலாக ஜன்னல் சட்டரைப் போன்ற சிறுபலகைகளை வரிசையாகப் பொருத்தி, அவை அனைத்தையும் முதன்மை அச்சின் நடுவே துளைத்துச் செல்லும் ஒரே கம்பியால் இணைத்தார். கம்பியின் மறுமுனையில் சங்கிலியும், அதில் எடைக்கல்லும் தொங்கும். காற்று மிதமாக வீசும்வரை எடை பலகைகளை மூடிவைத்திருக்கும். பலமாக மோதினால் பலகைகள் எடையை மீறித் தாமே திறந்துகொண்டு காற்றை வெளியே விடும். ஜாக், ஜில் இரண்டுக்கும் இந்த வகை இறக்கைகளே.

திசை திருப்பும் வேலையும் மனிதர் கையைவிட்டுப் போயிருந்தது. எட்மண்ட் லீ என்ற இரும்புக்கொல்லர் 1745இல் காப்புரிமை பெற்ற வால்விசிறி, பெரிய இறக்கைகளுக்குச் செங்குத்தாகப் பின்புறம் நிற்கும் சிறு விசிறி. ஆலை காற்றை நேராகப் பார்த்திருக்கும்போது விசிறியின்மீது காற்று படாது. காற்று ஒரு பக்கமாக ஒதுங்கியதும் விசிறி சுழலும். அந்தச் சுழற்சி பல்சக்கரங்கள் வழியாக ஆலையை மறுபடி காற்றுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும். கோபுர ஆலையில் அது குல்லாயைத் திருப்பினால் போதும். ஜில்லில் விசிறி பின்பக்க ஏணியின் அடியில் ஒரு வண்டியைப்போல் பொருத்தப்பட்டு, ஆலையைச் சுற்றியுள்ள வட்டப்பாதையில் சக்கரங்களை உருட்டி, முழு உடலையும் நகர்த்துகிறது. ஒரு கட்டடம் தானாகவே மெல்ல முகம் திருப்புவதை முதல்முறை பார்ப்பவர்கள் சற்றுத் திடுக்கிட்டுத்தான் போவார்கள்.

கற்களைப் பற்றியும் ஒரு சொல். கீழ்க்கல் நிலையானது, மேற்கல் சுழல்வது. இரண்டின் முகத்திலும் வரிவரியாகப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அரைத்து அரைத்துத் தேயும்போது மேற்கல்லைப் புரட்டிப்போட்டு உளியால் திரும்பக் கொத்தவேண்டும். வீட்டில் அம்மி கொத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தானியத்தொட்டியிலிருந்து கோதுமையைக் கல்லின் கண்ணுக்குள் சிந்தவிடும் சிறு தூம்பை, கல்லோடு சேர்ந்து சுழலும் ஒரு தண்டு தட்டிக்கொண்டே இருக்கும். காற்று பலத்துக் கல் விரைந்தால் தட்டும் விரையும், தானியமும் கூடுதலாக விழும். அந்த இடைவிடாத தடதடப்பைக் கொண்டே வேகத்தை அறிந்துகொள்ளலாம். தானியம் தீர்ந்து கல்லோடு கல் உரசினால் மாவு கெடுவதோடு பொறியும் பறக்கும்; மரமும் மாவுத்தூசியும் நிறைந்த இடத்தில் அது விளையாட்டுக் காரியமன்று.

இனி, இந்த ஆய்வின் நடுப்புள்ளியான பிரேக். இறக்கைகள் பொருத்தப்பட்ட முதன்மை அச்சின்மீது ஆலைக்குள்ளே ஒரு மாபெரும் பல்சக்கரம் இருக்கிறது. அதன் விளிம்பைச் சுற்றி மரத்துண்டுகளாலான ஒரு வளையம் அணைத்து நிற்கும். கனத்த நெம்புகட்டை ஒன்று தன் எடையாலேயே அந்த வளையத்தை இறுக்கிக்கொண்டிருக்கும். கயிற்றை இழுத்துக் கட்டையைத் தூக்கினால்தான் பிடி தளரும். அதாவது நிற்பதுதான் ஆலையின் இயல்பு நிலை, ஓடுவதற்கே மனிதக் கை வேண்டும். பாதுகாப்பான ஏற்பாடு என்று தோன்றும். ஆனால் மரம் இறுக்கிப் பிடிக்கும் இடத்தில், பிடியை மீறிச் சக்கரம் வழுக்கிச் சுழன்றால், தீக்கடைகோல் செய்யும் வேலையையே பிரேக்கும் செய்யத் தொடங்கிவிடுகிறது. காற்றாலைகள் எரிந்துபோன கதைகள் பலவற்றின் பின்னால் இதுவே காரணமாக நிற்கிறது. பலகைகளைத் திறந்துவிட்டால் இறக்கைக்குக் காற்று பிடிக்காது என்பதும் ஓரளவுக்கே உண்மை. சட்டங்களும் விளிம்புகளும் இருக்கவே இருக்கின்றன. 100 நாட் காற்றுக்கு அவையே போதும்.

ஓய்வும் இரண்டு வழிகளும்

ஆலைகளை நிறுத்தியது புயல் அன்று, விலைவாசி. இறக்குமதித் தானியத்தின்மீதான சட்டங்கள் 1846இல் நீக்கப்பட்டபின் வட அமெரிக்கக் கோதுமை படிப்படியாகப் பிரிட்டனுக்குள் வந்தது. 1880களில் எஃகு உருளைகளால் அரைக்கும் ஆலைகள் துறைமுக நகரங்களில் எழுந்து, கல் ஆலையால் எட்டமுடியாத வெண்மையான மாவை, எட்டமுடியாத விலையில் விற்றன. அந்த மாவை உள்நாட்டு ஊர்களுக்குச் சுமந்துசென்றது ரயில். கிளேட்டனில் இதைக் கண்ணாரக் காணலாம்: ஆலைகள் நிற்கும் அதே குன்றைத் துளைத்துக்கொண்டு, கோட்டைவாசல் போன்ற முகப்போடு, இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று நீளமான கிளேட்டன் சுரங்கப்பாதையில் ரயில்கள் 1841 முதல் ஓடிக்கொண்டிருந்தன. ஜில் 1852இல் இங்கே வந்து சேர்ந்தபோதே அடிவாரத்தில் ரயில் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த முதலீட்டைத் துணிச்சல் என்பதா, கண்மூடித்தனம் என்பதா என்று சொல்வது கடினம். துணிச்சல் என்றே நான் சொல்வேன். ஐம்பது ஆண்டுக்கு மேல் அது ஓடியிருக்கிறது.

1906 வாக்கில் இரண்டு ஆலைகளும் ஓய்ந்தன. அடுத்த சில ஆண்டுகளுக்குள் வந்த ஒரு புயலில் ஜில் தன் இறக்கைகளையும் விசிறியையும் இழந்தது. ஓடாத ஆலைக்கு இதுதான் முதல் தண்டனை: ஓடும்போது அன்றாடம் யாரோ ஒருவர் ஆணியையும் கயிற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பார், நின்றபின் பார்க்க ஆளில்லை.

ஜாக் வேறு வழியில் பிழைத்தது. செங்கல் கோபுரம் என்பதால் அதில் மனிதர் குடியிருக்க முடிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே அது வீடாகிவிட்டது. 1953இல் கோல்ஃப் விளையாட்டைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஹென்றி லாங்ஹர்ஸ்ட் ஆலைகளை வாங்கி அங்கே குடியேறினார். 1973இல் ஒரு திரைப்பட நிறுவனம் படப்பிடிப்பின் தேவைக்காக ஜாக்குக்குப் புதிய இறக்கைகளைப் பொருத்திக்கொடுத்தது. ஆலை அரைத்துச் சம்பாதிக்காததைக் காட்சிப்பொருளாக நின்று சம்பாதித்தது என்று இதைக் கேலி செய்யலாம்தான். ஆனால் அந்தக் கோபுரத்துக்குக் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டவர்கள் அதன் குடியிருப்பாளர்களே.

ஜில்லுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. தூணின்மேல் நிற்கும் மரப்பெட்டியை வசதியான வீடாக்க முடியாது. அதைக் காப்பாற்றுவதென்றால் ஆலையாகவே காப்பாற்றவேண்டும். 1953இல் அப்போதைய வட்டார ஊராட்சி செலவை ஏற்று வெளித்தோற்றத்தைச் செப்பனிட்டது. 1978இல் தன்னார்வலர்கள் முழுச் சீரமைப்பைக் கையிலெடுத்தனர். தூரத்திலிருந்து பார்க்க ஓர் ஆலையைப்போல் தெரிந்தால் போதும் என்று அவர்கள் நிறுத்தியிருக்கலாம். பல ஊர்களில் அப்படித்தான் முடிந்தது. இங்கே அச்சும் பல்சக்கரமும் கல்லும் இறக்கையும் ஒன்றுசேர்ந்து இயங்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். எட்டு ஆண்டு உழைப்புக்குப் பின் 1986இல், ஏறத்தாழ எண்பது ஆண்டு இடைவெளி கழித்து, ஜில் மறுபடி கோதுமையை அரைத்தது. அதற்கடுத்த ஆண்டே புயல் வந்தது.

1987: எது காரணம், எது காப்பு

இறக்கைகள் சுழலாமல் இருந்திருந்தால் பிரேக் சூடேறியிருக்காது. இறக்கைகளே இல்லாதிருந்தால் சுழல்வதற்கும் ஒன்றுமில்லை. 1910இன் மொட்டை ஆலைக்கு இந்த விபத்து நேர வாய்ப்பே கிடையாது. ஆகவே சீரமைப்புதான் ஆலைக்குத் தீ வைத்தது என்று ஒருவர் வாதிட்டால், அந்த வாதத்தில் பிழை காண்பது எளிதன்று. இயங்கும் பொருளாகப் பாதுகாப்பதா, அசையாப் பொருளாகப் பாதுகாப்பதா என்ற கேள்வியில் இரண்டாம் அணி எப்போதும் முன்வைக்கும் வாதம் இதுதான்: ஒவ்வொரு சுழற்சியும் ஒரு தேய்மானம், ஒவ்வொரு காற்றும் ஓர் ஆபத்து.

ஆனால் அந்த வாதம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. மொட்டையாக நின்ற காலத்தில்தான் ஜில் மிகுதியாகச் சிதைந்தது. இறக்கைகளை அது பறிகொடுத்ததும் கவனிக்க ஆளில்லாத ஓய்வுக்காலத்தில்தான். 1987இல் இழப்பு ஏற்படாததற்குக் காரணம், காற்று வெறிபிடித்து வீசும்போது ஆலைக்கு என்ன நேரும் என்று தெரிந்த சிலர் அக்கம்பக்கத்தில் இருந்தது. அந்த அறிவு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? எட்டு ஆண்டு அந்த ஆலையைத் தங்கள் கையால் பொருத்தியதிலிருந்தும், ஓர் ஆண்டு அதை ஓட்டியதிலிருந்தும்தான். காட்சிக்காக மட்டும் இறக்கை மாட்டியிருந்தால், அதே காற்றில் அதே உராய்வு எழுந்திருக்கும்; வந்து பார்க்க அத்தகைய ஆள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பழைய ஆலைக்காரருக்கும் இது பழகிய சங்கதியே. புயல் இரவில் அவர் உறங்கமாட்டார். பிரேக் வழுக்கினால் செய்யக்கூடியவை சில உண்டு: மரத்துண்டுகளின்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது, கற்களுக்கிடையே தானியத்தை அள்ளிக்கொட்டி அவற்றையே ஒரு பிரேக்காக்குவது, முடிந்தால் ஆலையைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பிவிடுவது. எல்லாவற்றுக்கும் ஆள் உள்ளே இருக்கவேண்டும், ஆடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள்ளே இருட்டில் ஏறவேண்டும். கட்டடப் பாதுகாப்பு என்று நாம் பொதுவாகப் பேசும்போது சுண்ணாம்பையும் மரத்தையும் எண்ணுகிறோம். காற்றாலையில் ஆலைக்காரரும் அமைப்பின் ஓர் உறுப்பு. அவரை நீக்கிவிட்டு எஞ்சியதைப் பாதுகாத்தால், பிரேக் இல்லாத வண்டியைப் பாதுகாத்ததற்குச் சமம்.

இன்று ஜில் உள்ளூர் மாவட்ட ஊராட்சிக்குச் சொந்தமானது. ஜாக் தனியாருடையது, அதற்குள் பொதுமக்களுக்கு வழியில்லை. வெள்ளை வண்ணம் பூசிய மர ஆலையும், கரிய கோபுரமும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்க, கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் சவுத் டவுன்ஸ் நடைபாதையில் வருபவர்கள் ஜில்லின் ஏணியில் ஏறி உள்ளே போகிறார்கள். காற்று ஒத்துழைக்கும் நாள்களில் தன்னார்வலர் ஒருவர் கயிற்றை இழுத்து நெம்புகட்டையைத் தூக்க, பிடி தளர்ந்து பெருஞ்சக்கரம் அசைகிறது. மரம் முனகி, தூம்பின் தடதடப்பு மெல்லத் தொடங்கி, சசெக்ஸ் நிலத்தில் விளைந்த கோதுமை தவிடு நீங்காத மாவாகக் கீழ்த்தளத்துப் பையில் இளஞ்சூட்டோடு விழுகிறது. காற்று அளவு மீறுவதாகப் பட்டால் கயிறு தளர்த்தப்படுகிறது, கட்டை இறங்குகிறது, சக்கரம் நின்றுவிட்டதா என்று ஒருவர் அருகில் போய்ப் பார்க்கிறார்.